மனநல மாத்திரை தொடங்கிய குழந்தைக்கு எடை ஏன் ஏறுகிறது?

ரிஸ்பெரிடோனோ ஒலன்ஸபைனோ தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் பெற்றோர் கண்ணில் முதலில் படுவது பசிதான். தட்டைக் காலி செய்த கையோடு குழந்தை ‘இன்னும் வேணும்’ என்று நிற்கும். ராத்திரி எழுந்து சமையலறையில் டப்பாக்களைத் திறக்கும். அதுவரை ஒவ்வொரு வாய்க்கும் கெஞ்சவைத்த குழந்தை என்றால் வீட்டில் சந்தோஷம்கூட உண்டாகும்: கோபம் தணிந்திருக்கிறது, தூக்கம் வருகிறது, சாப்பாடும் இறங்குகிறது. எடை மிக வேகமாக ஏறுவதும் இதே வாரங்களில்தான். ஆறு மாதம் கழித்துச் சட்டை போதவில்லை என்று டாக்டரிடம் போகும்போது ஏறவேண்டியதில் பெரும்பகுதி ஏறி முடிந்திருக்கும்.

அதனால் இந்த விஷயத்தில் உருப்படியாகச் செய்யக்கூடியவற்றில் பெரும்பங்கு முதல் 12 வாரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஏறிய எடையை இறக்குவதைவிட ஏறும் வேகத்தை மட்டுப்படுத்துவது பல மடங்கு எளிது. அதற்கு முதல் மாத்திரை கொடுப்பதற்கு முன் எடுத்த எடையும் உயரமும் எழுத்தில் இருக்கவேண்டும். பல குழந்தைகளின் கோப்பில் இல்லாமல் போவது அந்த ஒரு வரிதான்.

எந்த மருந்து, எவ்வளவு

மனநல மருந்துகள் எல்லாமே எடையை ஏற்றுவதில்லை. கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் கொண்ட ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் பசியைக் குறைக்கும். அதில் கவலை, எடையும் உயரமும் பின்தங்குவதுதான். மனச்சோர்வு மருந்துகளில் ஃப்ளூவாக்செட்டின் ஆரம்பத்தில் பசியைச் சற்றுக் குறைக்கக்கூடும். மிர்ட்டசபைன் தூக்கத்தோடு பசியையும் சேர்த்தே கொண்டுவரும். மனநிலையைச் சீராக்கத் தரும் வால்புரோயேட் எடையை நன்றாகவே ஏற்றும். பருவ வயதுப் பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையையும் அது கொண்டுவரலாம் என்பதாலும், கருவைப் பாதிக்கும் என்பதாலும் அதைத் தொடங்குமுன் கூடுதல் யோசனை தேவை. லித்தியத்தில் எடை ஏறுவதற்கு ஒரு சுற்றுவழி உண்டு: தாகம். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் பிரச்சினையில்லை, இனிப்புப் பானம் குடித்தால் எடையாகிவிடும். லித்தியம் தைராய்டையும் மந்தப்படுத்தக்கூடும் என்பதால், அதை எடுக்கும் குழந்தைக்கு எடை ஏறினால் தைராய்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆனால் எடை என்றதும் முதலில் பேசவேண்டியது ரிஸ்பெரிடோன், ஒலன்ஸபைன் போன்ற ஆன்டிசைக்காட்டிக் (மனப்பிறழ்வுக்கு எதிரான) மருந்துகளைப் பற்றித்தான். பேர் அப்படி இருந்தாலும் குழந்தைகளுக்கு இவை மனப்பிறழ்வுக்காக மட்டும் தரப்படுவதில்லை. ஆட்டிசத்தில் வரும் கடும் எரிச்சலுக்கும், தன்னையோ பிறரையோ அடித்துக்கொள்வதற்கும் தருகிறார்கள். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்காக ரிஸ்பெரிடோனை 2006-லும் அரிபிப்ரசோலை 2009-லும் அனுமதித்தது.

முதன்முறையாக இவ்வகை மருந்து எடுத்த 4 முதல் 19 வயது வரையிலானவர்களைத் தொடர்ந்து எடைபோட்ட ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. சுமார் 11 வாரங்களில் சராசரியாக ஏறிய எடை: ஒலன்ஸபைனில் 8.5 கிலோ, க்வெடியாபைனில் 6.1 கிலோ, ரிஸ்பெரிடோனில் 5.3 கிலோ, அரிபிப்ரசோலில் 4.4 கிலோ. மருந்தை மறுத்தோ விட்டுவிட்டோ ஒப்பீட்டுக்கு நின்ற சிறு குழுவில் ஏறியது 0.2 கிலோ. ‘அரிபிப்ரசோல் எடை போடாது’ என்று வாய்வழியாகப் பரவியிருக்கும் நம்பிக்கைக்கு இந்த நான்கரைக் கிலோவே பதில். வேறொரு மருந்திலிருந்து மாறி வருபவருக்கு அது எடை போடாததுபோலத் தோன்றும். முதல் மருந்தாகவே அதைத் தொடங்கும் குழந்தைக்கு அது பொருந்தாது. பெரியவர்களிடம் கிடைத்த முடிவுகளைக் குழந்தைகளுக்கு அப்படியே போட்டுப் பார்ப்பதில் வரும் கோளாறு இது.

ஒலன்ஸபைனைப் பொறுத்தவரை விஷயம் தெளிவு. இளவயது ஸ்கிசோஃப்ரினியாவுக்கு (மனச்சிதைவு நோய்) மூன்று மருந்துகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்றில் எடை ஏற்றத்தைப் பார்த்து ஒலன்ஸபைன் பிரிவையே பாதியில் நிறுத்தினார்கள். முடிவுகள் 2008-ல் வந்தன. க்ளோசபைனும் அதே வரிசைதான், ஆனால் வேறெதுவும் பலிக்காதபோது தரப்படும் மருந்து என்பதால் அங்கே தராசு வேறுமாதிரி நிற்கிறது. சிப்ரசிடோனும் லுராசிடோனும் எடையை ஏற்றுவது குறைவு. ஆனால் முன்னதற்கு ஈ.சி.ஜி. பார்க்கவேண்டும். பின்னதைக் குறைந்தது 350 கலோரி உள்ள உணவோடு விழுங்கவேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் உடலில் சேரும் அளவு வெகுவாகக் குறைந்து, ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்ற தவறான முடிவுக்குப் போகநேரிடும்.

சராசரிக்குப் பின்னால் பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது. ஒரே டோஸில் ஒரு குழந்தைக்கு ஒரு கிலோவும் ஏறாது, இன்னொன்றுக்குப் பத்து கிலோ ஏறும். இதற்கு முன் இவ்வகை மருந்தே எடுக்காதவர்கள், வயதில் சிறியவர்கள், வால்புரோயேட்டும் சேர்த்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு அபாயம் அதிகம். குடும்பத்தில் சர்க்கரை நோய் இருந்தால் எடையோடு ரத்தச் சர்க்கரையையும் நெருங்கிக் கவனிக்கவேண்டும். யாருக்கு எவ்வளவு ஏறும் என்பதை முன்கூட்டிக் காட்டும் அடையாளங்களில் நம்பகமானது முதல் மாத எடைதான். முதல் நான்கு வாரத்தில் வேகமாக ஏறுபவருக்குத் தொடர்ந்தும் அதிகமாகவே ஏறும்.

உடலுக்குள் நடப்பது

இந்த மருந்துகள் மூளையில் செய்தி கடத்தும் டோபமினை மட்டும் தடுப்பதில்லை. மூளையின் ஹைபோதாலமஸில் பசியையும் நிறைவையும் கட்டுப்படுத்தும் இடங்களில் உள்ள ஹிஸ்டமின் எச்1 ஏற்பி, செரட்டோனின் 2சி ஏற்பி (ஏற்பி என்பது செல்லில் செய்தியை வாங்கும் இடம்) இரண்டையும் பல மருந்துகள் அடைத்துவிடுகின்றன. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு மங்கலாகவும் தாமதமாகவும் போகிறது. எச்1-ஐ எவ்வளவு இறுகப் பிடிக்கிறதோ அந்த அளவுக்கு எடையும் ஏறுகிறது என்பதே பொதுவான போக்கு. ஒலன்ஸபைனும் க்ளோசபைனும் இதில் முன்னணியில் நிற்பது தற்செயல் இல்லை. தூக்கக்கலக்கமும் அதே ஏற்பியின் வேலை. பிள்ளை ஓடியாடுவது குறைந்து, உட்கார்ந்தபடியே இருக்கும் நேரம் கூடுகிறது. ஒலன்ஸபைனும் க்ளோசபைனும் இன்சுலின் சுரப்பையும் அதன் செயல்பாட்டையும்கூட நேரடியாகத் தொடுகின்றன. ஆகவே எடை பெரிதாக ஏறாதபோதும் ரத்தக் கொழுப்போ சர்க்கரையோ உயரலாம். ‘ஒல்லியாகத்தானே இருக்கிறான், ரத்தப் பரிசோதனை எதற்கு’ என்று விடுவது சரியல்ல.

இதைத் தெரிந்துகொள்வதால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. குழந்தைக்குக் கட்டுப்பாடு இல்லை, தின்னிப்பண்டாரம் என்று திட்டுவதில் அர்த்தமில்லை. அது சொல்லும் பசி பொய்ப் பசி இல்லை, உடல் நிஜமாகவே அப்படி உணர்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அளவுக்கு மீறித் தின்பதுபோலவும் இருக்காது. 12 வாரத்தில் வளர்ச்சிக்கு மேல் 3.5 கிலோ ஏற, ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற தோராயக் கணக்கில், நாளொன்றுக்குச் சுமார் 320 கலோரி கூடுதலாக உள்ளே போனால் போதும். மதியம் இன்னொரு பரிமாறல், சாயங்காலம் ஒரு டம்ளர் பழச்சாறு. அவ்வளவுதான்.

கிலோவை மட்டும் பார்த்தால் ஏமாற்றும்

பெரியவர்களுக்கு ‘7 சதவீதத்துக்கு மேல் ஏறினால் கவனி’ என்று ஓர் அளவுகோல் உண்டு. வளரும் உடலுக்கு அது உதவாது. 13 வயதுப் பையன் ஒருவன், 155 செ.மீ., 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 162 செ.மீ. ஆகி 51 கிலோ ஆகிறான். எடை 13 சதவீதம் கூடியிருக்கிறது, ஆனால் உயரத்தோடு ஒப்பிட்ட எடையளவான பி.எம்.ஐ. 18.7-லிருந்து 19.4-க்குத்தான் போயிருக்கிறது. அந்த வயதில் அவ்வளவு கூடுவது இயல்பான வளர்ச்சி. மருந்தைக் குறைசொல்ல இங்கே எதுவும் இல்லை.

இப்போது 8 வயதுப் பையனைப் பாருங்கள். 125 செ.மீ., 25 கிலோ, பி.எம்.ஐ. 16.0, உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் நடுக்கோட்டுக்கு அருகில். ரிஸ்பெரிடோன் தொடங்கி 12 வாரத்தில் 126.3 செ.மீ., 29 கிலோ. இந்த வயதுக் குழந்தைக்கு ஆண்டுக்கே இரண்டு மூன்று கிலோதான் கூடவேண்டும், அதாவது மூன்று மாதத்துக்கு அரைக் கிலோ சொச்சம். இவனுக்கு நான்கு கிலோ. பி.எம்.ஐ. 18.2 ஆகிவிட்டது. அதே அட்டவணையில் நடுக்கோட்டுக்கு மேல் முதல் கோடு, அதாவது அதிக எடை என்று கணக்கிடும் கோடு, 8 வயது ஆண்பிள்ளைக்கு 17.4. மூன்றே மாதத்தில் நடுக்கோட்டிலிருந்து அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று. பார்வைக்கு ‘கொஞ்சம் சதை போட்டிருக்கிறான்’ என்றுதான் தெரியும்.

இதே கணக்கில் ஆறுதலும் உண்டு. அவன் எடை 29 கிலோவிலேயே நின்று, ஓராண்டில் உயரம் 5 செ.மீ. கூடினால் பி.எம்.ஐ. தானாக 16.8-க்கு இறங்கிவிடும். வளர இன்னும் இடமிருக்கும் குழந்தையின் எடையைக் குறைக்கப் பட்டினி போடவேண்டியதில்லை, நிறுத்திவைத்தாலே போதும். உயரம் நின்றுபோன 17 வயதுக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது.

எதை, எப்போது அளப்பது

தொடங்குமுன் எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை, எச்.பி.ஏ.1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கொழுப்பு அளவுகள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு, மனப்பிறழ்வுக்கு மருந்து தொடங்கும் பிள்ளைகளுக்கு முதல் 6 வாரம் வாராவாரம் எடை, பிறகு 12-ம் வாரம், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்கிறது. ரத்தப் பரிசோதனை 12-ம் வாரத்திலும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும். எங்கள் பார்வையில் 12 வாரத்துக்குப் பின் எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்ப்பது நல்லது, ஏனென்றால் டோஸ் கூடும்போதெல்லாம் கதை புதிதாகத் தொடங்குகிறது.

வீட்டில் எடை பார்ப்பதென்றால் வாரத்தில் ஒரே நாள், காலையில் கழிப்பறை போய்வந்தபின், செருப்பில்லாமல், லேசான உடையில், ஒரே எந்திரத்தில், கட்டாந்தரையில் வைத்து. விரிப்பின்மேல் வைத்தால் எண் தாறுமாறாகும். தினமும் பார்க்கவேண்டாம், நீரின் ஏற்ற இறக்கம் மட்டுமே ஒரு கிலோவைக் காட்டிப் பயமுறுத்தும். எந்திரத்தில் ஏற மறுக்கும் ஆட்டிசக் குழந்தையை அப்பாவோ அம்மாவோ தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம். பருவ வயதுப் பிள்ளை என்றால் எண்ணை வீட்டார் எல்லார் காதிலும் விழும்படி சொல்லவேண்டாம்.

ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 100 மி.கி.க்குக் கீழ் இருக்கவேண்டும். 100 முதல் 125 வரை எச்சரிக்கை, 126-உம் அதற்கு மேலும் நீரிழிவு. எச்.பி.ஏ.1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை எச்சரிக்கை எல்லை. ஆனால் அது இரண்டு மூன்று மாதச் சராசரி என்பதால் திடீர் மாற்றத்தைத் தவறவிடும். இரும்புச்சத்துக் குறைவும் அதன் எண்ணைத் திரிக்கும். மாற்றத்தை முந்திக் காட்டுவது பல நேரம் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்புதான்: 9 வயது வரை 100, அதற்கு மேல் 19 வயது வரை 130 தொட்டாலே அதிகம். பெரியவர்களுக்கான 150-ஐ வைத்து ‘நார்மல்’ என்று அச்சிடும் ஆய்வக ரிப்போர்ட்டை நம்பி விட்டுவிடக் கூடாது.

பரிசோதனை இல்லாமல் கண்ணாலேயே பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று: பின்கழுத்திலும் அக்குளிலும் கருமையாக, வெல்வெட்போலத் தடித்த தோல். தேய்த்துக் குளிப்பாட்டினால் போகாது. அது அழுக்கில்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, அசாதாரண மயக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும்.

இன்னொன்று குறட்டை. எடை ஏறிய பிள்ளைக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடத் தொடங்கினால் பகலில் எரிச்சல், கவனச்சிதறல், வகுப்பில் தூக்கம் எல்லாம் வரும். அதை நோய் முற்றியதாக எடுத்துக்கொண்டு டோஸைக் கூட்டுவார்கள். டோஸ் கூடினால் எடை கூடும், எடை கூடினால் குறட்டை கூடும். எரிச்சல் திரும்பிவந்தால் டோஸைத் தொடுமுன் ‘ராத்திரி குறட்டை விடுகிறதா?’ என்று கேட்டுவிடுவது நல்லது.

சாப்பாட்டில் எங்கே கைவைப்பது

மருந்து தொடங்கும் அன்றே தொடங்கவேண்டியது பானங்களில். 250 மி.லி. பழச்சாற்றில் ஏறக்குறைய 110 கலோரி. இரண்டு டம்ளர் குடித்தால் மேலே சொன்ன 320-ல் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும், வயிறும் நிறையாது. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று எழுதியிருந்தாலும் பழச்சாறு பழச்சாறுதான். தாகத்துக்குத் தண்ணீர், பழத்தைப் பழமாகவே கொடுப்பது என்ற இரண்டு மட்டும் நடந்தாலே பாதிக் கிணறு தாண்டியமாதிரி.

பசி தணிய நேரமாகிறது என்பதால் பரிமாறுவதை மாற்றவேண்டியிருக்கிறது. சமையலறையிலேயே தட்டில் போட்டுக் கொண்டுவருவது, பாத்திரத்தை எதிரே வைக்காமலிருப்பது, முதலில் காய்கறியும் புரதமும், இரண்டாவது தடவை கேட்டால் 20 நிமிடம் கழித்து. ‘கிடையாது’ என்பதைவிட ‘முள் 4-க்கு வந்ததும்’ என்று கடிகாரத்தைக் காட்டுவது ஆட்டிசக் குழந்தையிடம் நன்றாக எடுபடும். நொறுக்குத்தீனியைப் பூட்டிவைப்பதைவிட வாங்காமலிருப்பது மேல். பூட்டினால் ஒளித்துத் தின்னும் பழக்கம் வரும். விதி எல்லார்க்கும் ஒன்றாக இருக்கவேண்டும். அண்ணன் கையில் சிப்ஸ் இருக்க இவனுக்கு மட்டும் வெள்ளரிக்காய் என்பது தண்டனையாகத்தான் தெரியும்.

யாரும் கணக்கில் எடுக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது: நடத்தைப் பயிற்சியில் பரிசாகத் தரும் மிட்டாயும் சாக்லேட்டும். ஒரு மணி நேரப் பயிற்சியில் இருபது முப்பது துண்டு போய்விடும். பயிற்சியாளரிடம் மருந்து தொடங்கியதைச் சொல்லி, பரிசை ஸ்டிக்கராகவோ பிடித்த பொம்மையோடு இரண்டு நிமிடமாகவோ மாற்றச் சொல்லவேண்டும்.

மெத்தில்பெனிடேட்டும் ரிஸ்பெரிடோனும் சேர்த்து எடுக்கும் பிள்ளைக்கு ஒன்று மற்றதன் எடையை ஈடுகட்டும் என்று எண்ணத் தோன்றும். நம்பமுடியாது. பகலில் பசியே இருக்காது, மதியச் சாப்பாட்டு டப்பா தொடாமலே வீடு திரும்பும். மாலையில் மெத்தில்பெனிடேட் இறங்கியதும் அடக்கிவைத்த பசியெல்லாம் ஒன்றாக வரும். காலை மாத்திரைக்கு முன்பே கனமான காலையுணவு, மாலை 4 மணி வாக்கில் திட்டமிட்ட ஒரு சிற்றுணவு என்று வைத்தால் ராத்திரி வேட்டை குறையும்.

மருந்தில் செய்யக்கூடியவை

முதல் கேள்வி, மருந்து இன்னும் தேவையா? எரிச்சலுக்காகத் தொடங்கிய ரிஸ்பெரிடோன், காரணம் தீர்ந்தபிறகும் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பது உண்டு. மறுபக்கம், அதன் பயனையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆட்டிசம் உள்ள 101 பிள்ளைகளிடம் 8 வாரம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில் ரிஸ்பெரிடோன் எடுத்தவர்களில் 69 சதவீதத்தினர் தெளிவாக முன்னேறினார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 12 சதவீதம். எடை முறையே 2.7 கிலோவும் 0.8 கிலோவும் ஏறியது. தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் குழந்தையின் வீட்டில் அந்த இரண்டு கிலோ வித்தியாசம் சிறிய விலையாகவே தோன்றும், அதில் தவறுமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கணக்கை டாக்டரோடு மறுபடி போட்டுப் பார்க்கவேண்டும்.

அடுத்தது டோஸ். ரிஸ்பெரிடோனின் அளவு கூடக் காரணமாவது சில நேரம் பக்கத்து மாத்திரை. ஃப்ளூவாக்செட்டினும் பராக்செட்டினும் கல்லீரலில் ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் இரண்டும் சிதைவதைத் தடுத்து ரத்தத்தில் அவற்றின் அளவை உயர்த்தும். டோஸ் மாறாமலே டோஸ் கூடினமாதிரி ஆகும். பதற்றத்துக்கென்று இன்னொரு டாக்டர் ஃப்ளூவாக்செட்டின் சேர்த்த பிறகு பசி கூடினால் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

மருந்தை மாற்றுவது மூன்றாவது வழி. ரிஸ்பெரிடோனிலிருந்து அரிபிப்ரசோலுக்குப் போகும்போது புதியது ரத்தத்தில் நிலைபெறச் சுமார் இரண்டு வாரமாகும். பழையதை ஒரே நாளில் வெட்டினால் இடைவெளியில் தூக்கமின்மையும் கலவரமும் வரும், ‘புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பழியும் அதன்மேல் விழும். படிப்படியாக ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கவேண்டும்.

எடை ஏற்றத்துக்கென்றே சேர்க்கும் மருந்துகளில் குழந்தைகளிடம் ஓரளவு சோதிக்கப்பட்டது சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின். ஆட்டிசம் உள்ள 61 பிள்ளைகளிடம் 16 வாரம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில் 6 முதல் 9 வயதினருக்கு 500 மி.கி. வரை இருவேளையும், 10 முதல் 17 வயதினருக்கு 850 மி.கி. வரை இருவேளையும் கொடுத்தார்கள், வயதுக்கேற்ற பி.எம்.ஐ. அளவு குறைந்தது. பலன் மிதமானதுதான், பத்து கிலோவைக் கரைத்துவிடாது. வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரும் என்பதால் இரவுச் சாப்பாட்டோடு 250 அல்லது 500 மி.கி.யில் தொடங்கி வாரத்துக்கொரு படியாக ஏற்றுவது வழக்கம். முதல் வாரத்து வயிற்று வலியில் பயந்து நிறுத்துபவர்கள் அதிகம். டோஸை ஒரு படி இறக்கினாலே பெரும்பாலும் சரியாகும். கடும் வாந்தி, நீரிழப்பு இருக்கும் நாட்களில் டாக்டரைக் கேட்டு நிறுத்திவைக்கவேண்டும், நீண்ட காலம் எடுத்தால் பி12 பார்க்கவேண்டும். வலிப்பு மருந்தான டோபிராமேட் எடையைக் குறைக்கும், ஆனால் யோசனை வேகத்தையும் சொல் நினைவையும் மங்கவைக்கும். பள்ளிப் பிள்ளைக்கு அது விலை அதிகம்.

செய்யவே கூடாத ஒன்று, எடையைப் பார்த்துப் பயந்து வீட்டிலேயே மாத்திரையைச் சட்டென நிறுத்துவது. தூக்கம் கெடும், குமட்டல் வரும், வாய், கை, கால்களில் தன்னிச்சையான அசைவுகள் தோன்றலாம், பழைய அறிகுறிகள் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். பதின்ம வயதினர் இதைச் சொல்லாமல் செய்வார்கள். பள்ளியில் ‘குண்டு’ என்று கேலி கேட்ட பெண் மாத்திரையை நாக்கடியில் வைத்துத் துப்புவது சாதாரணமாக நடப்பது. மாத்திரை எண்ணிக்கையைத் துப்புத் துலக்குவதைவிட, எடை ஏறும் என்பதைத் தொடக்கத்திலேயே அவளிடம் நேராகச் சொல்லி, இத்தனை கிலோ தாண்டினால் மருந்தை மாற்றிப் பார்ப்போம் என்று டாக்டரே ஓர் எண்ணை ஒப்புக்கொள்வது பலன் தரும்.

மாற்றியபின் அல்லது நிறுத்தியபின் பசி சில வாரங்களில் தணியும். எடை அதே வேகத்தில் இறங்காது, சிலருக்கு முழுதாக இறங்குவதே இல்லை. ட்ரைகிளிசரைடும் சர்க்கரையும் எடையை முந்திக்கொண்டு சீராகலாம். மாற்றிய நாளின் எடையை, உயரத்தைப் புதிய தொடக்கமாக எழுதிவைத்து, 12 வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையை ஒருமுறை மறுபடி செய்யவேண்டும்.